கூடாரத்துக்குச் செருப்பு

நண்டு எடைபோடும் கூடாரம் எங்களுடையது.
நாலுக்கு ஆறு. இரும்புக் குழாய்ச் சட்டம்,
மேலே நீலத் தார்ப்பாய்,
உள்ளே ஐஸ் பெட்டி, தராசு,
உட்கார ஒரு பெயிண்ட் வாளி.

நம்புதாளையில் கடல் ஓரிடத்தில் நிற்காது.
வத்தம் என்றால் முந்நூறு அடி உள்ளே போய்விடும்.
வள்ளங்கள் அங்கேயே தரைதட்டும்.
விடிய விடிய வலையோடு கிடந்தவர்
நம்மைத் தேடி நடந்து வரமாட்டார்.
முதலில் கண்ணில் படும் தராசில்
நண்டைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போவார்.
ஆகையால்
கடல் போகிற இடத்துக்குக்
கூடாரமும் போக வேண்டும்.

நானும் பூமயிலும் இழுத்தோம்.
மூன்று வருடம் இழுத்தோம்.
சிப்பி அறுத்து அறுத்து
அடிச்சட்டம் மூலையில் தகரத் தாள் ஆனது.
கீழே விரித்த ரெக்சின் கிழிந்து
மணல் உள்ளே குடியேறியது.
ஒரு விடியலில், பாதி வழியில், சட்டம் விரிந்து
பால் கறக்க விடாத எருமைபோல்
படுத்துக்கொண்டது கூடாரம்.
அன்றைக்குச் சாத்தையா தராசில் நாற்பது கிலோ.
எங்கள் தராசில்
பூமயிலின் வசவு மட்டும்.

"செருப்பு போட்டுவிடுவோம்டி இதுக்கு"
என்று முடித்தாள் வசவை.

நாகூர்கனியின் பழைய சாமான் கடையில்
குடிநீருக்குப் புதைத்து மிஞ்சிய
கறுப்புக் குழாய் ஒன்று கிடந்தது.
கையகலம், விரற்கடைக் கனம்.
"தண்ணிதான் வரல, குழாயாவது உதவட்டும்" என்று
எடைக்குக் கொடுத்தார்.
முந்நூற்று இருபது ரூபாய்.

நீளவாக்கில் பிளந்தோம்.
நான் பிடிக்க அவள் அறுத்தாள்.
சுருள் சுருளாய்த் துருவல் மடியில் விழ,
இரை என்று ஓடி வந்த கோழி
ஒன்றைக் கொத்திப் பார்த்து
எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.
பிளந்த குழாய் மறுபடி மூடிக்கொள்ளப் பார்த்தது.
வெந்நீர் ஊற்றி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி
ஒரு ராத்திரி வைத்தோம்.
காலையில் கொஞ்சம் சொல்பேச்சு கேட்டது.

முன்நுனியைச் சற்றே தூக்கி வளைத்தோம்,
வள்ளத்தின் அணியம் போல.
ஆணித்தலை துருத்தினால் மணலை உழும்.
ஒவ்வொரு துளைக்கும் வாயை அகலப்படுத்தி
தலை மறைய முடுக்கினேன்.
பதினெட்டுத் திருகாணி. ஒன்று கோணல்.
எது என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் நாலரைக்கு
கயிற்றைத் தோளில் போட்டுப்
பழைய பலத்தோடு இழுத்தேன்.
குப்புற விழுந்தேன்.
கூடாரம் பின்னாலேயே வந்து
குதிகாலைத் தொட்டு நின்றது,
கன்றுக்குட்டி மாதிரி.
பூமயில் சிரித்த சிரிப்புக்கு
வள்ளத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்குக் கச்சான் எழும்பியது.
டீக்கடையில் இருந்தோம்.
திரும்பினால்
கூடாரம் கடலை நோக்கித் தானாகப் போகிறது.
தார்ப்பாய் புடைத்து, அவசரமில்லாமல்,
ஐஸ் பெட்டி, தராசு, வாளி,
கடன் எழுதிய நோட்டு சகிதம்.
இடுப்புத் தண்ணீரில் போய்ப் பிடித்தோம்.
நோட்டு நனைந்ததில் நாலைந்து பேருக்கு லாபம்.

மூன்று வருடம் நாங்கள் திட்டித் தீர்த்த பிடிவாதம்தான்
காற்றில் அதைப்
பிடித்து வைத்திருந்திருக்கிறது.
யாருக்குத் தெரியும்?

இப்போது அதற்கு ஒரு நங்கூரம் உண்டு:
பெயிண்ட் வாளி நிறைய சிமெண்டு,
நடுவில் ஒரு கொக்கி.
உட்கார இருந்தது அது ஒன்றுதான்.
நின்றுகொண்டே எடை போடுகிறோம்.

நேற்று வத்தத்தில்
மணலில் இரட்டைக் கோட்டைப் பிடித்தபடியே
சாத்தையா வந்து சேர்ந்தார்.
குனிந்தார். அடியில் கைவிட்டுத் தடவினார்.
"குழாய் என்ன விலை?"
"அறுநூறு" என்றாள் பூமயில், கண் கொட்டாமல்.
"ஆணி எத்தனை?"
"பதினேழு" என்றேன்.

கோணலை எண்ணவில்லை.